ஏற்றிய தலைக்கா, இறக்கிய தலைக்கா?

தலைக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ். கைதிகளை இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, கேம்டன், கால்வர்ட் அண்ட் கிங் என்ற லண்டன் நிறுவனம் 1789-இல் பிரிட்டிஷ் அரசோடு பேசி முடித்த கூலி இது. உடை, சாப்பாடு, பயணம் எல்லாம் அதற்குள் அடக்கம். அடிமை வியாபாரத்தில் ஊறிய நிறுவனம். மனிதர்களைக் கப்பலில் அடுக்குவது அவர்களுக்குப் புதிதல்ல. ஒப்பந்தத்தில் ஒரு சொல்லைத்தான் அரசு கோட்டைவிட்டது. கூலி, கப்பலில் ஏற்றிய தலைக்கு. உயிரோடு கரையில் இறக்கிய தலைக்கு அல்ல.

நெப்ட்யூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோ என்ற மூன்று கப்பல்கள் 1790 ஜனவரியில் கிளம்பி ஜூன் கடைசியில் சிட்னிக்கு வந்தன. ஏறியவர்கள் சுமார் 1,000 பேர். கடலிலேயே செத்தவர்கள் 250-க்கும் மேல். நெப்ட்யூனில் மட்டும் 150-க்கும் மேல். அவர்களுக்குப் பூட்டப்பட்டவை அடிமைக் கப்பல்களின் விலங்குகள். சாதாரண விலங்கில் இரண்டு கணுக்கால் வளையங்களையும் ஒரு சங்கிலி இணைக்கும். எட்டி நடக்கலாம், குந்தலாம். இதிலோ சங்கிலிக்குப் பதில் ஒரு சாண் நீள இரும்புத் தண்டு. கப்பல் உருளும்போது ஒரு காலை மட்டும் நகர்த்தினால் இரண்டு காலும் முறியும். அலை உள்ளே புகுந்து தண்ணீர் ஏறினாலும் கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். பக்கத்தில் படுத்திருந்தவன் இறந்துபோனால் சொல்லாமல் மறைத்தார்கள். பிணம் கிடக்கும் வரை அவனுடைய பங்குச் சாப்பாடு வரும்.

ரேஷனில் மிச்சம் பிடித்தது கப்பல்காரர்களுக்கு லாபம். கைதிக்குக் கொடுக்காமல் வைத்த பொருள்களைச் சிட்னி கரையில் கடை விரித்து விற்றார்கள். குடியேற்றத்தின் பாதிரியார் ரிச்சர்ட் ஜான்சன் சர்ப்ரைஸின் கீழ்த்தளத்தில் இறங்கிப் பார்த்தார். மற்ற இரண்டு கப்பல்களின் கீழ்த்தளத்துக்குப் போகவே இல்லை, அவ்வளவு நாற்றம். எழுந்து நடக்க முடியாதவர்களைச் சரக்குபோல் கயிறு கட்டி இறக்கினார்கள். சிலர் வெளிக்காற்று பட்டதும் மேல்தளத்திலேயே உயிரை விட்டார்கள். கரையில் கூடாரத்துக்கு நாலு பேர், கீழே புல், நாலு பேருக்கும் ஒரே போர்வை. யாருக்குக் கொஞ்சம் தெம்பு இருந்ததோ அவன் போர்வையை இழுத்துக்கொண்டான்.

பிரிட்டிஷ் கைதிகளின் ஆஸ்திரேலியக் கதை என்றாலே சவுக்கும் சங்கிலியும்தான் முதலில் வரும். இரண்டும் உண்மை. ஆனால் பதிவேடுகளைப் புரட்டப் புரட்ட வேறொன்று கண்ணில் படுகிறது: அந்த மனிதர்கள் வாழ்ந்ததையும் செத்ததையும் பெரும்பாலும் தீர்மானித்தவை இப்படிப்பட்ட சின்னச் சின்ன எழுத்துகள்தாம். ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து, ரேஷன் அட்டவணையின் ஒரு வரி, சீட்டில் எழுதிய ஒரு ஊர்ப்பெயர். திருடியது கைக்குட்டையா குதிரையா என்பதைவிட, எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் ஏறினான், யாரிடம் வேலைக்குப் போனான் என்பதுதான் அவன் தலையெழுத்தாக இருந்தது.

தமிழில் இந்தத் தண்டனைக்குத் 'தீவாந்திரம்' என்று நல்ல பழைய சொல் உண்டு. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1802-இல் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்களே, அதுவும் தீவாந்திரமே. அதே காலத்தில் அதே பேரரசு தன் சொந்த நாட்டு ஏழைகளுக்கும் இதே தண்டனையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. முதலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1718-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அங்கே போனவர்கள் ஏறக்குறைய 50,000 பேர். 1775-இல் அமெரிக்கப் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தன. தற்காலிக ஏற்பாடாக, பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களைத் தேம்ஸ் ஆற்றிலும் போர்ட்ஸ்மத், பிளிமத் துறைமுகங்களிலும் கட்டிப்போட்டுக் கைதிகளை அடைத்தார்கள். 1776-இல் இரண்டு ஆண்டுக்கு என்று கொண்டுவந்த இந்த மிதக்கும் சிறைகள் 1857 வரை ஓடின. பகலில் கரையில் மண் தோண்டுவதும் துறைமுக வேலையும். இரவில் தளத்தின் கதவைப் பூட்டிவிட்டால் உள்ளே என்ன நடந்தாலும் காவலர்கள் இறங்க மாட்டார்கள். டைஃபஸ் காய்ச்சல் அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். பிறகு கப்பல் பயணத்தில் அது வெடிக்கும்.

1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு வந்த கைதிகள் சுமார் 1,62,000 பேர். பெண்கள் ஏறத்தாழ 25,000. கால்பங்குக்குப் பக்கத்தில் அயர்லாந்துக்காரர்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த திருடர்கள். துணி, உணவு, கைக்கடிகாரம், ஆடு என்று எடுத்தவர்கள். அரசியல் கைதிகளும் இருந்தார்கள்: 1830-இல் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்த கிராமத்துக் கூலிகள், 1834-இல் சங்கம் சேர்ந்து ரகசியச் சத்தியம் செய்ததற்காக 7 ஆண்டு வாங்கிய டால்பட்டில் ஊர் விவசாயத் தொழிலாளர்கள் 6 பேர். எண்ணிக்கையில் இவர்கள் சிறுபான்மை. சட்டத்தில் 7 ஆண்டு, 14 ஆண்டு, ஆயுள் என்று மூன்று அளவுதான் பெரும்பாலும் வரும். 7 ஆண்டுதான் அதிகம். ஆனால் திரும்பி வர அரசு கப்பல் கூலி தராது. ஆண்களில் சிலர் மாலுமி வேலை பார்த்துக்கொண்டே ஊர் திரும்பினார்கள். பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. காலம் முடியும் முன்னே திரும்பி வந்து பிடிபட்டால் 1834 வரை தூக்கு. ஆகவே ஏழு ஆண்டு என்று நீதிபதி சொன்னது, ஊரில் விட்டுவந்த பெண்டாட்டி பிள்ளைக்கு ஆயுள் என்றுதான் கேட்டிருக்கும்.

கப்பலுக்கு வருகிறேன். ஏனென்றால் மொத்தக் கதையில் மனிதர்கள் ஒரு தவற்றைப் பார்த்துத் திருத்தியது இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

1790-இன் கொடுமைக்குப் பிறகு கூலியைப் பிரித்தார்கள்: ஏற்றிய தலைக்கு இவ்வளவு, உயிரோடு இறக்கிய தலைக்குக் கூடுதலாக இவ்வளவு. அதோடு சரியாகிவிட்டதா என்றால் இல்லை. 1799-இல் வந்த ஹில்ஸ்பரோ கப்பலில் 300 பேரில் 95 பேர் மாண்டார்கள். மிதக்கும் சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்தவர்களை ஏற்றிக்கொண்டார்கள். நோயாளியை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் கப்பலில் யாருக்கும் இல்லை. மருத்துவர் இருந்தார், ஆனால் அவர் கப்பல் முதலாளியின் சம்பளக்காரர். ரேஷனைக் குறைத்தால் கேப்டனைத் தட்டிக் கேட்க முடியாது.

1814-இல் ஜெனரல் ஹ்யூவிட், த்ரீ பீஸ், சர்ரி என்று மூன்று கப்பல்கள் அடுத்தடுத்துப் பிணங்களோடு வந்தன. விசாரித்து அறிக்கை எழுதியவர் வில்லியம் ரெட்ஃபெர்ன். அவரே முன்னாள் கைதி. 1797-இல் நோர் துறைமுகக் கடற்படைக் கலகத்தில் மாட்டி அனுப்பப்பட்ட மருத்துவர். கீழ்த்தளத்தைக் கழுவிவிட்டு ஈரமாகவே விடுவது, படுக்கையை வெயிலில் போடாதது, காற்று இறங்க வழி இல்லாதது, கைதிகளை மேலே வரவிடாதது என்று ஒவ்வொன்றாக எழுதினார். கடைசியில் முக்கியமான யோசனை: மருத்துவர் கடற்படையிலிருந்து வர வேண்டும், சம்பளம் அரசு தர வேண்டும், கைதிகள் விஷயத்தில் கேப்டன் அவர் சொல்லைக் கேட்க வேண்டும். 1815 முதல் அப்படியே நடந்தது. சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இந்த எண்பது ஆண்டுக் கதையில் நான் கைகூப்பத் தோன்றும் ஒரு காகிதம் உண்டென்றால் அது ரெட்ஃபெர்னின் அறிக்கைதான்.

1820-களில் கீழ்த்தளம் எப்படி இருந்தது? இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக மரப் பரண்கள். ஒரு பரண் ஆறடிக்கு ஆறடி. அதில் நாலு பேர். ஆளுக்குப் பதினெட்டு அங்குலம், அதாவது ஒரு முழம். மல்லாந்து படுத்தால் தோளோடு தோள் இடிக்கும். ஆறு பேர் ஒரு சாப்பாட்டுக் குழு. காலையில் சர்க்கரையோ வெண்ணெயோ போட்ட ஒரு பானைக் கஞ்சி. நாளுக்கு முக்கால் ராத்தல் (பவுண்டு எடை) கடினமான பிஸ்கட் ரொட்டி. மதியம் உப்புக்கண்டம் போட்ட மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சி, இல்லையென்றால் மாவுப் புட்டிங். வாரம் நாலு நாள் பட்டாணி சூப். கடலில் மூன்று வாரம் ஆனதும் தினம் ஒரு அவுன்ஸ் எலுமிச்சைச் சாறும் ஒரு அவுன்ஸ் சர்க்கரையும். பல் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்கு அதுதான் தடுப்பு. வாரத்துக்குக் கொஞ்சம் ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயின். ஊரில் கூலி வேலைக்காரன் சாப்பிட்டதைவிடப் பலருக்கு இது அதிகம்.

நல்ல மருத்துவர் முதலில் பார்ப்பது ஈரத்தைத்தான். விடிந்ததும் படுக்கைகள் சுருட்டி மேல்தளத்துக்கு வர வேண்டும். தரையைத் தண்ணீர் விட்டு அலசாமல் கல்லும் மணலும் போட்டு உலர்வாகத் தேய்க்க வேண்டும். துணிக் குழாய்கள் கட்டிக் காற்றைக் கீழே இறக்க வேண்டும். மழை நாளில் கனல் அடுப்பைத் தொங்கவிட்டு மூலை மூலையாக உலர்த்த வேண்டும். கரை மறைந்ததும் விலங்கைக் கழற்றிவிட வேண்டும்; மாற்றி மாற்றி மேலே வந்து உலாவட்டும் என்று. இவ்வளவுதான் ரகசியம். எலுமிச்சைச் சாற்றைக் கையில் கொடுத்து விடாமல், கண்ணெதிரே குடிக்க வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கொடுத்துவிட்டால் அது புகையிலைக்குக் கைமாறிவிடும்.

அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி கடைசிவரை ஆளைக் கொன்றது. 1833-இல் ஆம்ஃபிட்ரைட் என்ற கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் கைதிகளோடும் அவர்களின் குழந்தைகளோடும் பிரான்சின் புலோன் கரையில் தரை தட்டியது. கரை கண்ணுக்குத் தெரிகிறது, உதவிக்கு ஆள் வருகிறது. கைதிகளை வேறு நாட்டுக் கரையில் இறக்க உத்தரவு இல்லை என்று இறக்கவில்லை. அலை ஏறிக் கப்பல் உடைந்தது. பிழைத்தவர்கள் மாலுமிகள் மூன்று பேர் மட்டும்.

கைதிகளை ஏற்றிவந்த முதல் கப்பற்படை 1790-இல் வந்த கப்பல்களைவிட நன்றாகவே வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் புறப்படும் முன்னே நல்ல உணவுக்காகவும் உடைக்காகவும் கடிதம் மேல் கடிதம் எழுதிச் சண்டை போட்டவர். 1787 மே 13 போர்ட்ஸ்மத்தில் கிளம்பிய 11 கப்பல்கள் எட்டு மாதம் கழித்து 1788 ஜனவரியில் சேர்ந்தன. கோளாறு வேறு இடத்தில் வந்தது. கைதிகளின் தண்டனைக் காகிதங்களை இங்கிலாந்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். யாருக்கு எப்போது தண்டனை முடிகிறது என்று ஆளுநருக்கே தெரியாது. தண்டனைக் காலம் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணப்படும். மிதக்கும் சிறையில் ஐந்தாறு ஆண்டு கிடந்தவர்களுக்கு 1789-இலேயே விடுதலை. 'என் காலம் முடிந்துவிட்டது' என்று சொன்னவர்களிடம், 'காகிதம் வரும்வரை வேலை செய், ரேஷன் தருகிறோம்' என்றார்கள். இந்தத் தகராறில் அதிகாரியைப் பற்றித் தவறாகச் சொன்னதாக ஒருவருக்கு 600 கசையடியும் ஆறு மாத விலங்கும் கிடைத்தன. அவர் காலம் முடிந்ததாகச் சொன்னது உண்மைதான்.

கடற்கரையில் இறங்கியவர்களிடம் வண்டிக்கும் ஏருக்கும் பூட்ட மாடு இல்லை. தச்சர்களும் உழவர்களும் சொற்பம். யூகலிப்டஸ் மரம் வெட்டினால் கோடரி முனை மடங்கியது. களிமண் கிடைத்தது, செங்கல் சூளை போட்டார்கள். ஆனால் சுண்ணாம்புக்கல் கிடையாது. பெண்களை அனுப்பிக் கிளிஞ்சல் பொறுக்கிச் சுட்டுத்தான் சுண்ணாம்பு. சூளையிலிருந்து ஊருக்குள் செங்கல் வந்த விதத்தைக் கேளுங்கள்: ஒரு வண்டி, இழுக்க மாட்டுக்குப் பதில் 12 ஆண்கள். ஒரு நடைக்கு 350 செங்கல், நாளுக்கு ஐந்து நடை. ஓடு என்றால் நடைக்கு 700, நாளுக்கு நாலு நடை. ஒரு வண்டி நாளெல்லாம் இழுத்தாலும் 1,750 செங்கல்தான். சிட்னியின் ஆரம்பகாலச் சுவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் எழும்பின.

பசியும் சேர்ந்துகொண்டது. 1790 மார்ச்சில் சிரியஸ் கப்பல் நார்ஃபோக் தீவில் மோதி உடைந்தது. ஏப்ரலில் வார ரேஷன் இரண்டரை ராத்தல் மாவு, இரண்டு ராத்தல் அரிசி, இரண்டு ராத்தல் பழைய பன்றி இறைச்சி. ஃபிலிப் தனக்கும் அதே அளவுதான் என்று உத்தரவிட்டார். இந்தப் பசிக் காலத்தில்தான் கார்ன்வால் மீனவர் வில்லியம் பிரையண்ட், மீனைத் திருட்டுத்தனமாக விற்றதற்காக 100 கசையடி வாங்கியவர், மனைவி மேரியோடு தப்பிக்கத் திட்டம் போட்டார். துறைமுகத்துக்கு வந்த டச்சுக் கப்பல் கேப்டனிடம் திசைகாட்டி, கோணமானி, கடல் வரைபடம் வாங்கினார். 100 ராத்தல் மாவு, 100 ராத்தல் அரிசி, 14 ராத்தல் பன்றி இறைச்சி சேர்த்தார். துரத்தத் துறைமுகத்தில் ஒரு கப்பலும் இல்லாத இரவு பார்த்து, 1791 மார்ச் 28, ஆளுநரின் படகையே எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு சிறு குழந்தைகளைச் சேர்த்து 11 பேர். 69 நாளில் திமோர் தீவின் கூபாங் துறைமுகம். ஒருவரும் சாகவில்லை. பிறகு அங்கே அடையாளம் தெரிந்து பிடிபட்டார்கள். வில்லியமும் ஆண் குழந்தையும் பத்தாவியாவில் இறந்தார்கள், பெண் குழந்தை இங்கிலாந்து திரும்பும் வழியில் இறந்தது. மேரி பிறகு மன்னிப்புப் பெற்றார்.

முதல் முப்பது ஆண்டு சிட்னியில் கைதிகளுக்குத் தங்க அரசு இடமே கொடுக்கவில்லை. மதியம் மூன்று மணிவரை அரசு வேலை; அதன் பிறகு தன் நேரம். அந்த நேரத்தில் கூலிக்கு உழைத்துத்தான் வாடகை கொடுக்க வேண்டும். 1819-இல் ஹைட் பார்க் பாரக்ஸ் திறந்ததும் அது மாறியது. வரைந்தவர் ஃபிரான்சிஸ் கிரீன்வே, போலிப் பத்திரத்துக்காக வந்த கைதிக் கட்டடக் கலைஞர். 600 பேருக்குக் கட்டியதில் சில காலம் 1,400 பேர் வரை தூளிகளில் தொங்கினார்கள். அங்கே தரைப்பலகைக்கு அடியில் எலிகள் கூடு கட்டத் துணியும் காகிதமும் இழுத்துப்போயின. அதனால் வேறு எங்குமே கிடைக்காத பொருள்கள் அங்கே தப்பின. நீலக் கோடு போட்ட ஒரு கைதியின் சட்டை உட்பட.

பெரும்பாலான கைதிகள் சிறையையே பார்க்கவில்லை. 'அசைன்மென்ட்' என்ற முறையில் பண்ணைக்காரர்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். கப்பல் வந்ததும் ஒவ்வொருவரையும் நிறுத்தி எழுதிக்கொள்வார்கள்: ஊர், வயது, தொழில், கால் அங்குலம்வரை உயரம், கண்ணின் நிறம், தழும்பு, பச்சை குத்தியது. நல்ல தச்சன், கொல்லன் என்றால் அரசே வைத்துக்கொள்ளும் என்பதால் தொழிலை மறைத்தவர்களும் உண்டு. 1823-க்குப் பிறகு எஜமான் சம்பளம் தர வேண்டியதில்லை. வாரம் 12 ராத்தல் கோதுமை அல்லது 9 ராத்தல் மாவு, 7 ராத்தல் இறைச்சி, 2 அவுன்ஸ் உப்பு, 2 அவுன்ஸ் சோப்பு. ஆண்டுக்கு இரண்டு மேலாடை, மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, மூன்று ஜோடி செருப்பு, ஒரு தொப்பி. ஒரு போர்வையும் மெத்தையும். டீ, சர்க்கரை, புகையிலை விதியில் இல்லை. எஜமான் மனம் வைத்தால் உண்டு. அதை நிறுத்துவேன் என்ற மிரட்டலே சவுக்கைவிட அதிகம் வேலை வாங்கியது.

எஜமான் தன் கையால் அடிக்கக் கூடாது. மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். காகிதத்தில் நல்ல விதி. ஆனால் அந்த மாஜிஸ்திரேட் யார்? பக்கத்துப் பண்ணைக்காரர். இன்று அவருடைய ஆளுக்கு நான், நாளை என் ஆளுக்கு அவர். 1832-ஆம் ஆண்டுச் சட்டம் தனி மாஜிஸ்திரேட்டை 50 அடியோடு கட்டுப்படுத்தியபோது, ஹன்டர் பள்ளத்தாக்குப் பண்ணையாளர்கள் ஆளுநர் பர்க் மீது கொதித்தெழுந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில்தான் அடுத்த ஆண்டு ஜேம்ஸ் மூடியின் காஸில் ஃபோர்ப்ஸ் பண்ணையில் கைதிகள் துப்பாக்கி தூக்கினார்கள். மோசமான உணவு, ஓயாத கசையடி என்று நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். ஒருவர் முதுகைக் காட்டவும் அனுமதி கேட்டார். ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். அதில் இரண்டு பேரை அந்தப் பண்ணைக்கே கொண்டுவந்து, மற்ற கைதிகள் பார்க்கும்படி.

பண்ணையிலும் சரிப்படாதவர்கள், காலில் விலங்கோடு வேலை செய்யும் 'விலங்குக் கும்பலுக்கு'ப் போவார்கள். கொல்லன் பட்டறைக் கல்லின் மேல் காலை வைத்து, வளையத்தை மூடி, ஆணியைச் சம்மட்டியால் அடித்து மழுக்கிவிடுவான். பூட்டு, சாவி எல்லாம் கிடையாது. தண்டனை முடியும்வரை தூக்கத்திலும் அது காலில்தான். சங்கிலியின் நடுவில் ஒரு வார் கட்டி இடுப்பில் மாட்டிக்கொள்ளாவிட்டால் தரையில் இழுபடும். கணுக்காலில் தோல் உறை இல்லாவிட்டால் இரண்டே நாளில் புண். புழுதியும் வியர்வையும் சேர்ந்து அது ஆறவே ஆறாது. வட்ட வளையத்தை அடித்து நீள்வட்டமாக்கினால் குதிகாலை மடக்கி உருவிவிடலாம் என்று கைதிகள் கண்டுபிடித்தார்கள். அதனால் கங்காணிகள் வளையத்தின் வடிவத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சிட்னிக்கு வடக்கே போகும் கிரேட் நார்த் ரோட்டில், சாந்தே இல்லாமல் கல்லைச் செதுக்கி அடுக்கிய தாங்கு சுவர்கள் இந்தக் கால்களோடு நின்று கட்டியவை. இன்றும் அசையவில்லை.

எல்லோரும் கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தது ஒரு சீட்டுக்கு. 'டிக்கெட் ஆஃப் லீவ்'. அது விடுதலை அல்ல. தண்டனைக் காலத்துக்குள்ளேயே தனக்கென்று கூலிக்கு வேலை செய்துகொள்ளும் அனுமதி. 7 ஆண்டுக்காரன் ஒரே எஜமானிடம் 4 ஆண்டு இருந்தால் கிடைக்கும். இரண்டு எஜமான் என்றால் 5 ஆண்டு. 14 ஆண்டுக்காரனுக்கு 6 அல்லது 8. ஆயுள் கைதிக்கு 8, 10, மூன்று எஜமான் என்றால் 12. எஜமான் மாறினாலே காலம் கூடும். மாறுவது கைதியின் கையிலும் இல்லை. நடுவில் மாஜிஸ்திரேட் முன் ஒரு குற்றம் பதிந்தாலும் தள்ளிப்போகும். நல்ல உழவனை விட மனமில்லாத எஜமான், சீட்டு வரும் நேரம் பார்த்து ஒரு புகாரைத் தட்டிவிடுவான் என்று அன்றைக்கே பேச்சு இருந்தது. சீட்டில் பெயர், வந்த கப்பல், தீர்ப்பு, பிறந்த ஆண்டு, உயரம், கண், முடி, தழும்பு எல்லாம் இருக்கும். கடைசியில் எந்த வட்டாரத்தில் இருக்கலாம் என்று ஒரு பெயர். அந்த வட்டார எல்லையைத் தாண்டி வேலைக்குப் போக மாஜிஸ்திரேட்டின் அனுமதிக் காகிதம் வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் கூலி இரட்டிப்பாக இருந்தாலும் சீட்டில் உள்ள ஊர் இக்கரைதான். குடித்துவிட்டுப் பிடிபட்டால், ஆஜர் எடுக்கும் நாளில் வராவிட்டால், சீட்டு போய்விடும்.

பெண்களுக்குச் சீட்டின் கதையே வேறு. வீட்டு வேலைக்கு ஒப்படைக்கப்பட்டவள் கர்ப்பமானால் அவளைத்தான் 'ஃபீமேல் ஃபாக்டரி' என்ற பெண்கள் சிறைக்குத் திருப்பி அனுப்புவார்கள். அந்த வீட்டு எஜமானை யாரும் எதுவும் கேட்பதில்லை. டாஸ்மேனியாவில் ஹோபார்ட் பக்கம் 1828-இல் தொடங்கிய காஸ்கேட்ஸ் பெண்கள் சிறையில், தண்டனைக்காகப் பிரித்து வைத்த 'குற்ற வகுப்பு'ப் பெண்ணின் மேலாடை முதுகில், வலது கையில், பாவாடையின் பின்புறம் என்று மூன்று இடத்தில் பெரிய மஞ்சள் 'சி' எழுத்து தைத்திருக்கும். பிரசவித்து, பாலை மறக்க வைத்ததும், அவளைக் குழந்தையிடமிருந்து பிரித்து ஆறு மாதம் குற்ற வகுப்பில் துணி துவைக்கவும் நூல் நூற்கவும் போடுவார்கள். பள்ளத்தில், மலை நிழலில், ஓடையோரம் கட்டிய ஈரக் கட்டடம் அது. கப்பலில் ஈரம் ஆளைக் கொல்லும் என்று கற்றுக்கொண்ட அரசு, குழந்தைகளை அங்கே வைத்தது. குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. இந்தத் தண்டனை முறையில் எதையும் மன்னிக்க நினைத்தாலும் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சிட்னி பக்கத்துப் பரமட்டா ஃபாக்டரிப் பெண்கள் 1827 அக்டோபரில் ரொட்டியும் சர்க்கரையும் குறைக்கப்பட்டதும் கதவை உடைத்து ஊருக்குள் வந்தார்கள். கடைகளில் ரொட்டியும் இறைச்சியும் எடுத்துக்கொண்டு, மேலாடையில் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். தலைவிகளைப் பிடிக்க வந்தபோது, ஒருத்திக்குத் தண்டனை என்றால் எல்லோருக்கும் கொடுங்கள் என்று சேர்ந்து நின்றார்கள்.

போர்ட் ஆர்தர், நார்ஃபோக் தீவு, மக்குவாரி ஹார்பர் போன்ற கொடுஞ்சிறைகளைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். மறுபடி குற்றம் செய்தவர்களுக்கான இடங்கள் அவை. எல்லாக் கைதிகளும் அங்கே இருந்ததாக நினைத்துவிடக் கூடாது. சொல்லாமல் விடக் கூடாதது போர்ட் ஆர்தருக்கு எதிரே இருந்த பாய்ண்ட் பியூர். 1834 முதல் 1849 வரை சிறுவர்களுக்கென்றே நடந்த சிறை. தச்சு, செருப்பு, கல் வேலை கற்றுக்கொடுத்தார்கள். சுமார் 3,000 பையன்கள் அதன் வழியே போனார்கள்.

இன்னொன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். இந்த மனிதர்கள் இறங்கிய நிலம் காலி நிலம் அல்ல. சிட்னித் துறைமுகம் காடிகல் என்ற பூர்வகுடி மக்களின் ஊர். 1789-இல் அம்மை வந்து அவர்களை வாரிக்கொண்டு போனது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல் தேடி உள்நாட்டுக்கு முதலில் அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் கைதிகளே. முன்வரிசையில் நின்று கொன்றவர்களும் அவர்களே. 1838 ஜூன் 10 அன்று மயால் க்ரீக்கில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாகக் குறைந்தது 28 வீரயாராய் பூர்வகுடி மக்களைக் கயிற்றில் கட்டி அழைத்துப்போய்க் கொன்றவர்கள் பன்னிரண்டு பேர். பதினோரு பேர் கைதிகள் அல்லது முன்னாள் கைதிகள். பன்னிரண்டாமவன் ஜான் ஃபிளெமிங், அங்கேயே பிறந்த வெள்ளைப் பண்ணையாளன். ஏழு கைதிகளைத் தூக்கிலிட்டார்கள். ஃபிளெமிங்கைப் பிடிக்கவே இல்லை.

அசைன்மென்ட் என்பது ஒருவகை அடிமை முறையே என்று 1838-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று முடிவு செய்தது. 1840-இல் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகள் வருவது நின்றது. 1853-இல் டாஸ்மேனியாவுக்கும். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியக் குடியேறிகள் வேலைக்கு ஆள் இல்லாமல் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். 1850 ஜூன் 1 அன்று சிண்டியன் கப்பல் 75 கைதிகளோடு ஃபிரிமான்டில் வந்து நின்றபோது, அடைக்கச் சிறை இல்லை. ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்தார்கள். பிறகு அந்தக் கைதிகளே குன்றிலிருந்து சுண்ணக்கல் வெட்டித் தங்களுக்கான சிறையைக் கட்டினார்கள்; 1850-கள் முழுக்க அந்த வேலை நடந்தது. கடைசிக் கைதிக் கப்பல் ஹூகமான்ட் 1868 ஜனவரியில் வந்தது, 62 அயர்லாந்துப் போராளிகளையும் ஏற்றிக்கொண்டு. முன்பு வந்த கைதிகள் கட்டிய அந்த ஃபிரிமான்டில் சிறையில் கைதிகளை வைப்பது 1991-இல்தான் நின்றது.